பழக்கமா, கருவியா, மறுபயன்பாடா? வீட்டு நீர்ச் செலவைக் குறைக்க எதை முதலில் எடுப்பது

வீட்டில் நீர்ச் செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பல் துலக்கும்போது குழாயை மூடுவது போன்ற பழக்கங்களை மாற்றிக்கொண்டால் போதுமா, ஷவரையும் ஃப்ளஷ் டேங்கையும் மாற்றிவிடுவது மேலா, அல்லது ஒருமுறை செலவான நீரைப் பிடித்து மறுபடி பயன்படுத்துவதா? எல்லாவற்றையும் செய்யுங்கள் என்ற பதில்தான் வழக்கமாகக் கிடைக்கிறது. அந்தப் பதிலில் தவறில்லை என்றாலும், அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எதைத் தொடங்குவது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் கைவிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இங்கே மூன்று வழிகளையும் தனித்தனியே எடை போட்டு, எது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று பார்க்க முயல்கிறேன். மூன்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டிய கசிவுச் சோதனையும் இடையில் வரும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடிப்பது, சமைப்பது, குளிப்பது, துவைப்பது, சுத்தம் செய்வது ஆகிய அடிப்படைத் தேவைகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வரை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த அளவே கிடைக்காமல் குடங்களை எண்ணிப் பிழைக்கும் வீடுகளுக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. அங்கே இருக்கும் சிக்கனத்தைக் கற்பிக்க எனக்குத் தகுதியும் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் லிட்டர் கணக்கு. இதற்கு அரை மணி நேர வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த முடிவுக்கு வந்தாலும் அது ஊகமாகவே இருக்கும். கொள்ளளவு தெரிந்த வாளி ஒன்றை ஷவரின் கீழும், பிறகு ஒவ்வொரு குழாயின் கீழும் வைத்து, வழக்கமாகத் திறக்கும் அளவுக்கே திறந்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். லிட்டரை விநாடியால் வகுத்து 60 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிடும். என் வீட்டில் 18 லிட்டர் வாளி ஷவரின் கீழ் 1 நிமிடம் 50 விநாடியில் நிரம்பியது; அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டர். சமையலறைக் குழாய் 8 லிட்டரும் கைகழுவும் குழாய் 6 லிட்டரும் காட்டின. இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்த எண்களை வைத்தும், வீட்டில் நான்கு பேர் இருப்பதாகக் கொண்டும் போடப்பட்டவை. உங்கள் எண்கள் வேறாக இருந்தால் விடையும் வேறாகும்.

இரண்டாவது அளவுகோலைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சிக்கனத்தை நாளுக்கு எத்தனை முறை, எத்தனை பேர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே அது. நினைவும் ஒரு செலவுதான். அந்தச் செலவை வீட்டில் எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. நான்கு பேர் திறந்துவிட்ட குழாய்களை ஒருவரே போய்ப் போய் மூடிக்கொண்டிருக்கும் வீட்டில், அந்த ஒருவர் சலிப்படையும் நாளில் சிக்கனம் முடிந்துவிடும்.

மூன்றாவது பணமும், பணத்தோடு வரும் பராமரிப்பும். நான்காவது சுகாதாரமும் பாதுகாப்பும். தேங்கிய நீர், வழுக்கும் தரை, முதுகுவலி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு மிச்சப்படுத்தும் லிட்டருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதில்லை.

இவற்றோடு ஒரு வேறுபாட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வீட்டு நீர் வேலைகளில் சில, அளவு நிரம்பியதும் முடிபவை. குடம் நிரப்புவது, வாளி பிடிப்பது, உலை வைப்பது போன்றவை. மற்றவை நேரத்தில் முடிபவை; கை கழுவுவது, ஷவரில் குளிப்பது, ஓடும் குழாயில் பாத்திரம் அலசுவது போன்றவை. குழாயின் ஓட்டத்தைக் குறைக்கும் எந்தக் கருவியும் இரண்டாம் வகையில் மட்டுமே நீரை மிச்சப்படுத்தும். முதல் வகையில் அது உங்களைக் காத்திருக்க வைக்குமே தவிர, குடத்துக்குள் போகும் நீரை ஒரு துளியும் குறைக்காது.

## முதலில் ஓர் இரவு: கசிவுச் சோதனை

பழக்கம், கருவி, மறுபயன்பாடு என்று எந்தப் பக்கம் சாய்பவராக இருந்தாலும், கசிவைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. மீட்டர் உள்ள வீட்டில், யாரும் நீரைத் தொடாத இரண்டு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் அதன் எண்களைக் குறித்துப் பார்த்தால் போதும். மீட்டர் இல்லாத வீட்டில் மேல்நிலைத் தொட்டியே மீட்டர் ஆகும். உள்விட்டம் 1 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 8 லிட்டர் வெளியேறியிருக்கிறது என்று பொருள்.

இரவு 11 மணிக்குத் தொட்டிக்கு வரும் வால்வை மூடிவிட்டு, உட்சுவரில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். காலை 5 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது மட்டம் கோட்டுக்கு 4 சென்டிமீட்டர் கீழே இருந்தது. ஆறு மணி நேரத்தில் 30 லிட்டருக்கு மேல். நாள் கணக்கில் 125 லிட்டர். எந்தக் குழாயும் சொட்டவில்லை, எந்தச் சுவரும் ஈரமாக இல்லை. ஃப்ளஷ் டேங்கில் உணவில் சேர்க்கும் வண்ணப்பொடியைக் கலந்து, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருந்தபோது கழிப்பறைக் கோப்பையில் சிவப்பு இறங்கியது. டேங்கின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் தடித்துப்போய் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இருந்ததுதான் காரணம். அதை மாற்ற இருபது நிமிடம் ஆயிற்று. அதற்கு முந்தைய பல மாதங்கள் நான் பல் துலக்கும்போது குழாயை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

சொட்டும் குழாய் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரையும் உறுத்துகிறது. ஆனால் நாளுக்கு 86,400 விநாடி, விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தாலும், சொட்டின் பருமனைப் பொறுத்து அது 4 முதல் 20 லிட்டர் வரைதான் வரும். ஓசையில்லாமல் கசியும் ஃப்ளஷ் டேங்க் அதைப்போலப் பல மடங்கை, மோசமான நிலையில் நூற்றுக்கணக்கான லிட்டரை, ஒரே நாளில் கொண்டுபோய்விடும். இரண்டையும் சரிசெய்ய வேண்டியதுதான். எது முதலில் என்று கேட்டால் வண்ணப்பொடிச் சோதனையே முதலில்.

## வழி ஒன்று: பழக்கத்தை மாற்றுவது

பழக்கத்துக்குப் பணம் வேண்டாம், பிளம்பர் வேண்டாம், வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டாம். அதன் விலை முழுவதும் நினைவில் இருக்கிறது. அதனால் எந்தப் பழக்கம் எத்தனை லிட்டர் தருகிறது என்று பார்த்து, அதிகம் தரும் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்வதே நடக்கக்கூடியது.

குளியலில்தான் அதிக லிட்டர் கிடக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும் ஷவரில் 8 நிமிடம் குளித்தால் 80 லிட்டர். அதே ஆள் 18 லிட்டர் வாளியில் குளித்தால் 62 லிட்டர் மிச்சம். ஷவரை விட மனமில்லாதவர் உடலை நனைத்ததும் மூடிவிட்டு, சோப்புப் போட்டு முடித்தபின் திறந்தால், நீர் ஓடும் நேரம் மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கும். செலவு 35 லிட்டர். வாளியின் கொள்ளளவை ஷவரின் ஓட்டத்தால் வகுத்தால் வரும் நிமிடமே இரண்டுக்கும் இடையிலான எல்லை. என் வீட்டில் அது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு; இரண்டு நிமிடத்தில் ஷவரை விட்டு வெளியே வருபவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. நிமிடத்துக்கு 6 லிட்டர் மட்டுமே ஓடும் வீட்டில் எல்லை மூன்று நிமிடம் ஆகிவிடுவதால், இடையில் மூடிக் குளிப்பவருக்கு ஷவரும் வாளியும் ஏறக்குறைய ஒன்றே.

வாளிக்கும் ஒரு மறைவான செலவு உண்டு. குழாயைத் திறந்துவிட்டுத் துண்டை எடுக்கப் போனவர் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினால், வழிந்தோடிய நீரில் இன்னும் இரண்டு பேர் குளித்திருக்கலாம். தலைக்குக் குளிக்கும் நாளில் ஒரு வாளி போதாது என்பதையும் ஒப்புக்கொண்டு, இரண்டு வாளி என்று நேர்மையாகக் கணக்கில் எழுத வேண்டும். குனிந்து மொள்ள முடியாத முதியவருக்கு வாளியை வலியுறுத்துவது சரியில்லை. அவருக்கு ஸ்டூலும், கையில் பிடிக்கும் ஷவரும், விரலால் நிறுத்தும் விசையும் பொருத்தமானவை.

வெந்நீரில் குளிப்பவருக்கு இந்தப் பழக்கத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 62 லிட்டர் நீரை 20 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 1.4 யூனிட் மின்சாரம் தேவை. 1,000 லிட்டரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றவோ, மோட்டார் வீணாக்குவதையும் சேர்த்து, 0.1 யூனிட் அளவில்தான் ஆகும். மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் கீசர் அறைக்குள் எவ்வளவு போகிறது என்று ஒருமுறை பார்க்கலாம்.

பாத்திரம் கழுவுவது அடுத்தது. ஒரு வேளைப் பாத்திரத்துக்கு 8 நிமிடம் குழாய் ஓடினால் 64 லிட்டர். இதைக் குறைக்கும் வித்தை சிங்க்குக்கு வருவதற்கு முன்பே நடக்க வேண்டியது. தட்டில் ஒட்டியிருப்பதை வழித்தெடுத்து, அடிப்பிடித்த பாத்திரத்தில் ஒரு குவளை நீர் ஊற்றிவைத்து, எல்லாவற்றையும் குழாய் மூடியிருக்கும்போதே சோப்பால் தேய்த்து அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரே ஓட்டத்தில் அலசினால் குழாய் திறந்திருக்கும் நேரம் மூன்று நிமிடம், செலவு 24 லிட்டர். குவளைகளை முதலிலும் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கடைசியிலும் தேய்ப்பது, மேலே அடுக்கியதை அலசும் நீர் கீழே அடுக்கியதன் மேல் விழும்படி வைப்பது என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும் நுணுக்கங்கள் இதற்குள் நிறைய இருக்கின்றன. இரண்டு தொட்டிகளில் நீரைப் பிடித்து, ஒன்றில் தேய்த்து மற்றொன்றில் அலசுவது 20 லிட்டருக்குள் முடியும். ஆனால் நடுவில் நீர் கலங்கிவிட்டால் மாற்ற வேண்டும். மாற்றச் சோம்பினால் பாத்திரத்தில் சோப்பு நிற்கும். என் விருப்பம் அடுக்கி அலசுவதே.

பல் துலக்கும்போது குழாயை மூடுவது அதிகம் போதிக்கப்படும் பழக்கம். இரண்டு நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடும் இடத்தில் அரை லிட்டர் குவளை போதும் என்பதால், இருவேளை துலக்கும் ஒருவருக்கு 23 லிட்டர் மிச்சம். குறைவில்லைதான். ஆனால் அது ஒரு குளியலில் மிச்சப்படுவதில் பாதிகூட இல்லை. இதன் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது: குழாயை மூடி மூடித் திறப்பதைவிடக் குவளையை எடுத்து வைத்துவிடுவது எளிது, குழந்தைகளுக்கும் பிடித்துவிடும். கையில் சோப்புப் போடும் இருபது விநாடிக்குக் குழாயை மூடுவதும் இப்படியே. ஒரு முறைக்கு 2 லிட்டர். அவசரமாகக் கை கழுவும் பழக்கமுள்ள குழந்தையிடம் இதை வலியுறுத்தப்போய், அது சோப்பையே விட்டுவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

பழக்கம் எங்கே தோற்கிறது என்பதும் தெளிவு. விருந்தினர் வரும் வாரத்தில், நோயாளி இருக்கும் வீட்டில், தேர்வுக் காலத்தில் அது முதலில் கைவிடப்படும். தனக்குத் தானே செய்யும் வேலைகளில் (குளியல், பல் துலக்கல்) பழக்கம் நிற்கிறது; பலர் மாறி மாறிச் செய்யும் வேலைகளில் நிற்பதில்லை.

## வழி இரண்டு: கருவியை மாற்றுவது

கருவியின் பலம், யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டாம் என்பதே. ஒருமுறை மாட்டியபின் விருந்தினரும் குழந்தையும் மறதிக்காரரும் ஒரே அளவில்தான் செலவழிக்க முடியும்.

நான்கு பேர் வீட்டில் கருவிக்கான முதல் பணம் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பது என் முடிவு. பழைய ஃப்ளஷ் டேங்குகள் ஒரு முறைக்கு 10 லிட்டரோ அதற்கு மேலோ கொட்டுபவை. ஒருவர் நாளுக்கு ஐந்து முறை ஃப்ளஷ் செய்தால் 50 லிட்டர். 6 லிட்டரும் 3 லிட்டரும் தனித்தனிப் பொத்தானில் தரும் டேங்கில் அதே ஐந்து முறைக்கு 18 லிட்டர் போதும். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 128 லிட்டர் மிச்சம். இப்படி இரண்டு அளவில் நீர் விடும் அமைப்பு 1980இல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் தாம்சன் என்பவர் உருவாக்கியபோது 11 லிட்டரும் 5.5 லிட்டருமாக இருந்தது; அன்றைய சிறு பொத்தானின் அளவுக்கு இன்றைய பெரும் பொத்தான் வந்துவிட்டது.

இதிலும் குழி இருக்கிறது. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம், 1994 முதல் புதிய கழிப்பறைகள் ஒரு முறைக்கு 6 லிட்டருக்கு மேல் விடக் கூடாது என்று வரையறுத்தபோது, தொடக்கத்தில் வந்த பல வகைகள் ஒரே முறையில் சுத்தம் செய்யாமல் மக்களை இரண்டு முறை அழுத்த வைத்தன. காரணம் எளியது; கோப்பையின் வடிவம் பழையபடியே இருக்க, நீர் மட்டும் குறைக்கப்பட்டது. இன்று டேங்கை மட்டும் மாற்றிப் பழைய கோப்பையை அப்படியே விடுபவர்களும் இதே சிக்கலில் மாட்டலாம். டேங்குக்குள் செங்கல்லைப் போடும் பழைய யுக்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது நீரில் கரைந்து மணலாகி வாஷரில் போய் உட்காரும். நீர் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் பாட்டில் அந்த வேலையைச் செய்யும். ஆனால் ஒரு வாரம் பார்த்து, இரண்டாம் முறை அழுத்த வேண்டி வருகிறது என்றால் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். இரட்டைப் பொத்தான் டேங்கின் அடிவால்வும் நாளடைவில் கசியக்கூடியதே என்பதால், வண்ணப்பொடிச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்வது நல்லது.

குழாய் வாயில் திருகி மாட்டும், நீரோடு காற்றைக் கலந்துவிடும் சிறு சல்லடையைக் கடைகளில் ஏரேட்டர் என்று கேட்க வேண்டும். கைகழுவும் குழாயின் ஓட்டத்தை 6 லிட்டரிலிருந்து 4 லிட்டருக்குக் கொண்டுவரும் ஏரேட்டர், பழக்கம் மாறாத நான்கு பேர் வீட்டில் நாளுக்கு 60 லிட்டர் வரை மிச்சப்படுத்தும். பழக்கம் மாறிய வீட்டில் அதில் பாதிகூடத் தராது. மூடியிருக்கும் குழாயில் குறைக்க எதுவும் இல்லை. பழக்கத்தின் மிச்சத்தையும் கருவியின் மிச்சத்தையும் கூட்டிப் பெரிய எண்ணைக் காட்டும் கணக்குகளை இதனால்தான் நம்ப முடிவதில்லை. உப்பு நீர் வரும் வீட்டில் ஏரேட்டரின் கண்கள் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். குடம் நிரப்பும் குழாயில் இதை மாட்டவே வேண்டாம்.

ஏரேட்டர் வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒன்றைச் செய்து பார்க்கலாம். வாஷ்பேசினுக்கு அடியில் சுவரோடு இருக்கும் ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் மூடிவைத்தால், மேலே குழாயை முழுவதும் திறந்தாலும் ஓட்டம் அளவாகவே வரும். என் வீட்டில் பல மாதங்கள் இது மட்டும்தான் இருந்தது. யாரும் கவனிக்கக்கூட இல்லை.

குறை ஓட்ட ஷவர் தலை நிமிடத்துக்கு 10 லிட்டரை 7 ஆக்கினால், 8 நிமிடக் குளியலில் 24 லிட்டர் மிச்சம். இரண்டு எச்சரிக்கைகள். தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும்; நேர் மேலே 3 மீட்டரில் தொட்டி இருக்கும் வீட்டில் கிடைப்பது 0.3 பார். அங்கே இந்தத் தலையை மாட்டினால் நீர் நூல்நூலாக வரும், குளிப்பவர் இரண்டு மடங்கு நேரம் நிற்பார். அடுத்து, உடனடியாகச் சூடாக்கித் தரும் எரிவாயு கீசர்கள் ஓட்டம் ஓரளவுக்குக் கீழே போனால் தாமாகவே அணைந்துவிடும். அழுத்தம் நன்றாக இருக்கும் வீட்டிலும், சிக்கன ஷவர்தானே என்ற நிம்மதியில் குளியல் நீள்வதைப் பார்த்திருக்கிறேன்.

துணி துவைக்கும் இயந்திரத்தில் மேலிருந்து துணி போடும் வகை ஒரு சுற்றுக்கு 100 லிட்டர் அல்லது அதற்கு மேலும், முன்பக்கம் திறக்கும் வகை 50 லிட்டர் அளவிலும் எடுக்கும். நன்றாக ஓடும் இயந்திரத்தை இதற்காக மட்டும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழுதாகி வாங்கும் நாளில் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை அரை டப்பாத் துணிக்கு ஓட்டாமல் நிறையச் சேர்த்து ஓட்டுவதே போதும். பாத்திரம் கழுவும் இயந்திரம் முழு அடுக்குக்கு 10 முதல் 15 லிட்டரில் முடித்துவிடுவதால் கையை வென்றுவிடும். ஆனால் உள்ளே வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் குழாயில் அலசுபவர் அந்த வெற்றியைச் சிங்க்கிலேயே தொலைத்துவிடுகிறார்.

## வழி மூன்று: பயன்படுத்திய நீரை மறுபடி பயன்படுத்துவது

மூன்றில் மனநிறைவு அதிகம் தருவது இதுவே. லிட்டருக்கான உழைப்பும் இதில்தான் அதிகம். 15 லிட்டர் நீரின் எடை 15 கிலோ. அதைக் குளியலறையிலிருந்து செடிவரை தினமும் இரண்டு நடை சுமப்பவர் யார் என்று முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறக்கும் இடமும் சேரும் இடமும் பக்கத்தில் இருந்தால்தான் இது நிலைக்கும். துணி இயந்திரத்தின் கடைசி அலசல் நீரைப் பக்கத்திலிருக்கும் கழிப்பறைக்கு ஊற்றுவது நிலைக்கும். மாடித் தோட்டத்துக்குச் சுமப்பது மழைக்காலம்வரைகூட நிலைக்காது.

எல்லா நீரும் ஒன்றில்லை. சூடான நீர் வரும்வரை கொட்டும் குளிர்ந்த நீர் முற்றிலும் சுத்தமானது. அதைக் கழுவ, துவைக்க, செடிக்கு விட என்று பலவற்றுக்கும் பயன்படுத்தலாம். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள 10 மீட்டர் குழாயில் தேங்கியிருப்பது 1.8 லிட்டர்தான் என்றாலும், குழாய்ச் சுவரும் சூடாக வேண்டியிருப்பதால் நடைமுறையில் அதைவிட அதிகம் கொட்டும். ஒரு வாளியை அங்கே வைப்பதுதான் மறுபயன்பாட்டில் மிக எளிய வேலை. காய்கறி கழுவிய நீர் செடிக்கு நல்லது. சோப்பு நீர் தரைக்கும் கழிப்பறைக்கும் போகலாம். பச்சையாக உண்ணும் கீரைக்குப் போகக் கூடாது. சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் நீரைச் செடிக்கு விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 1 லிட்டர் நல்ல நீருக்கு 3 லிட்டர் வெளியேறுகிறது என்றால், அந்த 3 லிட்டரில் உப்பு மூல நீரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். மூல நீரே உப்பாக இருந்தால் செடி தாங்காது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அது தாராளமாக உதவும்.

சேமித்துவைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. சோப்பும் அழுக்கும் கலந்த நீர் ஒரு நாள் தாண்டினால் நாறத் தொடங்கும். சுத்தமான நீரைத் திறந்து வைத்தாலோ, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிட்டு, முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே மூடி வேண்டும், வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். தவழும், நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் திறந்த வாளியில் நீரை விட்டுவைக்கவே கூடாது. சில அங்குல நீரிலேயே குழந்தை மூழ்கிவிடும். அந்த வீட்டுக்கு நான் இந்த வழியையே சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| மாற்றம் | நான்கு பேர் வீட்டில் நாளுக்கு மிச்சம் | நினைவுச் சுமை | பணம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| கசிவை அடைப்பது | கசிவு இருந்தால் 125 லிட்டர்வரை, சில வீடுகளில் அதற்கும் மேல் | ஆண்டுக்கு ஓரிரு முறை | மிகக் குறைவு | ஓர் இரவுத் தூக்கம் |
| ஷவரிலிருந்து வாளிக்கு | 248 லிட்டர் | ஒவ்வொரு குளியலுக்கும் | இல்லை | வழிந்தோடும் வாளி, குனிதல் |
| அடுக்கி அலசுவது (இரு வேளை) | 80 லிட்டர் | கை பழகும்வரை | இல்லை | கழுவுபவர் மாறினால் போய்விடும் |
| பல் துலக்கக் குவளை | 92 லிட்டர் | குறைவு | இல்லை | குறிப்பிடத்தக்கது இல்லை |
| இரட்டைப் பொத்தான் ஃப்ளஷ் | 128 லிட்டர் | சரியான பொத்தான் மட்டும் | அதிகம் | பழைய கோப்பையோடு ஒத்துப்போகாமை, வால்வுக் கசிவு |
| குறை ஓட்ட ஷவர் தலை | 96 லிட்டர் | இல்லை | நடுத்தரம் | குறைந்த அழுத்தம், நீளும் குளியல் |
| ஏரேட்டர் | 60 லிட்டர்வரை | மாதம் ஒருமுறை சுத்தம் | குறைவு | உப்பு அடைப்பு |
| மறுபயன்பாடு | 20 முதல் 40 லிட்டர் | தினமும் | குறைவு | சுமை, நாற்றம், கொசு, குழந்தைப் பாதுகாப்பு |

மறுபயன்பாட்டின் எண், இரண்டு வாளி சுமப்பவரின் பொறுமையை வைத்து நானே போட்டது. மற்றவை மேலே சொன்ன ஓட்ட அளவுகளிலிருந்து வருபவை.

## யாருக்கு எது

பலரும் புழங்கும் பெரிய வீட்டிலும், விருந்தினர் வந்துபோகும் வீட்டிலும் கருவிக்கே முதலிடம். அங்கே பழக்கத்தைக் கட்டாயமாக்கினால் ஒருவர் காவலாளி ஆகிவிடுவார், மற்றவர்கள் அவர் இல்லாத நேரம் பார்த்துக் குளிப்பார்கள். கழிப்பறையில் தொடங்கி, ஆங்கிள் வால்வைக் குறைத்து, பிறகு ஷவருக்குப் போகலாம்.

தனியாக வாழ்பவருக்கு இது தலைகீழ். அவர் ஒருவர் மாறினால் வீடே மாறியதாகிவிடும். வாளிக் குளியலும் அடுக்கி அலசுவதும் அவருக்கு நாளுக்கு 100 லிட்டர் வரைகூடத் தரும்போது, 32 லிட்டருக்காக ஃப்ளஷ் டேங்கை மாற்றுவது அவசரமில்லை.

தொட்டி தலைக்கு மேலேயே இருந்து அழுத்தம் குறைவாக உள்ள வீட்டில் ஷவர் தலைக்கும் ஏரேட்டருக்கும் பணம் போட வேண்டாம். ஓட்டம் அங்கே ஏற்கெனவே குறைவு. குளியலில் வாளியும், கழிப்பறையில் கசிவுச் சோதனையும்தான் அந்த வீட்டின் லிட்டர்கள். முதியவர் மட்டும் இருக்கும் வீட்டில் கையில் பிடிக்கும் ஷவரை மாட்டிவிட்டு வாளியைப் பற்றிய பேச்சையே எடுக்காமல் இருக்கலாம். வழுக்கி விழுவதோடு ஒப்பிட எந்த லிட்டருக்கும் மதிப்பில்லை. தோட்டம் உள்ள, கீழ்த்தளத்திலேயே குளியலறையும் உள்ள வீட்டுக்கு மட்டும் மறுபயன்பாட்டை முதலாவதாக வைப்பேன். அங்கே ஒரு குழாயை நீட்டிவிட்டால் சுமையே இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவர் சுவருக்குள் கைவைக்க முடியாது, டேங்கை மாற்றினால் அது உரிமையாளருக்குப் போய்விடும். அவர் கழற்றி எடுத்துப்போகக் கூடியதை மட்டும் வாங்கலாம்: ஏரேட்டர், ஷவர் தலை, டேங்குக்குள் ஒரு பாட்டில். கழற்றிய பழைய ஷவர் தலையையும் குழாய் வாய்ச் சல்லடையையும் ஒரு கவரில் போட்டு, கூடவே குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் சுருள் ஒன்றையும் வைத்து, சிங்க்குக்கு அடியிலேயே பத்திரப்படுத்திவிட்டால், வீடு மாறும் நாளில் பத்து நிமிடத்தில் பழையதை மாட்டிவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போகலாம்.